பொது மொழிபெயர்ப்பு யாருக்குப் பொது?

அம்மா இறந்த அன்றைக்குச் சாயங்காலம் கீரிப்பாறையில் நல்ல மழை. போதகர் வந்து சேர நேரமாகும் என்று போன் வந்தது. தடிக்காரன்கோணம் தாண்டி மழையில் அந்த மலை ரோட்டில் வந்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். லைன் வீட்டுத் திண்ணையில் பத்து முப்பது பேர் ஒண்டிக்கொண்டு நிற்கிறோம். பாட்டுப் பாடி முடித்தாயிற்று. அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போது அத்தான் என் பக்கத்தில் வந்து, "மாப்ளே, மாமிக்கு நான் ஒரு சங்கீதம் வாசிக்கட்டா?" என்று கேட்டார். கையில் அவருடைய திருவிவிலியம். அக்காவைக் கட்டிக்கொடுத்தது முளகுமூடு பக்கம் ஒரு ஆர்.சி. குடும்பத்தில். நாங்கள் சி.எஸ்.ஐ. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயில் இன்றைக்கும் எல்.எம்.எஸ்.தான்.

நான் சொன்னேன்: "அத்தான், அம்மாவுக்க பைபிள் இருக்கு. அதுலயே வாசியுங்க."

அவர் ஒன்றும் சொல்லாமல் தன் புத்தகத்தை மூடி அக்கா கையில் கொடுத்துவிட்டு, அம்மாவின் பழைய பைபிளை வாங்கினார். 23ஆம் சங்கீதத்தைத் தேடி எடுக்கவே கொஞ்ச நேரம் ஆனது. வாசிக்கும்போது நாலைந்து இடத்தில் நாக்கு தடுக்கியது. அந்தச் சொற்கள் அவருக்குப் பழக்கமில்லை. கூட்டத்தில் எங்கள் ஆட்கள் மனப்பாடமாக முணுமுணுத்துக்கொண்டே அவருக்கு முன்னால் போய்விட்டார்கள்.

ரொம்ப நாள் கழித்துத்தான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. அவர் புத்தகத்தில் அந்தப் பகுதிக்குப் பெயர் 'திருப்பாடல்'. என்னிடம் கேட்கும்போது அவர் 'சங்கீதம்' என்றார். ஒரு சொல் அளவுக்கு அவர் எங்கள் பக்கம் வந்து நின்றுதான் கேட்டிருக்கிறார். நான் ஒரு சொல் அளவுக்குக்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் குற்ற உணர்ச்சியில் தொடங்கியது. ஆனால் விஷயம் என் வீட்டோடு முடிவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 47 சதவீதம். ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே, மார்த்தாண்டம் பக்கம் மலங்கரை என்று பிரிவுகளும் அதிகம், கலப்புக் கல்யாணங்களும் அதிகம். 'கிறிஸ்தவ ஒற்றுமை' என்று ஆண்டுதோறும் ஜனவரியில் ஜெப வாரம் நடத்துகிறோம். மேடையில் எல்லாரும் கைகோத்து நிற்கிறார்கள். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் எந்தப் புத்தகத்தை எடுப்பது என்று வரும்போதுதான் அந்த ஒற்றுமை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரிகிறது.

தமிழில் இந்த ஒற்றுமைக்காக நடந்த மிகப் பெரிய, மிக உருப்படியான வேலை என்று நான் நினைப்பது 1995ல் வெளிவந்த பைபிள் பொது மொழிபெயர்ப்பு. அதைத்தான் இங்கே விமர்சிக்கப் போகிறேன். நான் பி.இ. படித்து மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இறையியல் முறையாகப் படித்ததில்லை. எபிரேயமும் கிரேக்கமும் தெரியாது. அதனால் மூலத்துக்கு எது நெருக்கம் என்ற வம்புக்குள் போகவில்லை. இரண்டு தமிழ்ப் புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கேட்கிற ஆளின் இடத்திலிருந்து பார்க்கிறேன்.

யார் எதை விட்டுக்கொடுத்தார்கள்

முதலில் பின்னணி. 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடி லுத்தரன்களுக்கும் வீரமாமுனிவருக்கும் நடந்த சண்டை பிரசித்தம். 'வேத விளக்கம்', 'லுத்தர் இனத்தியல்பு' என்று அவர்களைத் தாக்கித் தனி நூல்களே எழுதினார் முனிவர். தரங்கம்பாடிக்காரர்களின் தமிழையும் அவர் விட்டுவைக்கவில்லை. அங்கிருந்து இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் தமிழ்க் கத்தோலிக்கரும் தமிழ்ப் புரொட்டஸ்டண்டுகளும் ஒரே ஆண்டவரை வேறு வேறு சொற்களில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) இந்தக் கதவைத் திறந்தது. பிரிந்திருக்கும் சபைகளோடு சேர்ந்து பைபிளை மொழிபெயர்க்கலாம் என்று அது சொன்னது. 1968ல் ரோமும் உலக வேதாகமச் சங்கங்களும் இதற்கான வழிமுறைகளை எழுதி வைத்தன. தமிழில் அதன் பலன்தான் 1995 புத்தகம். திண்டிவனத்தில் இருக்கும் கத்தோலிக்க விவிலிய நிலையமும் இந்திய வேதாகமச் சங்கமும் சேர்ந்து செய்தது.

சேர்ந்து செய்வது என்றால் இரண்டு பக்கமும் எதையாவது விட வேண்டும். கத்தோலிக்கர்கள் விட்டது பெயர்களை. பழைய கத்தோலிக்கத் தமிழில் யோவான் என்பவர் அருளப்பர். பேதுரு இராயப்பர். பவுல் சின்னப்பர். யோசேப்பு சூசையப்பர். அந்திரேயா பெலவேந்திரர். ஸ்தேவான் முடியப்பர். 1995 புத்தகத்தில் இந்தப் பெயர்கள் எதுவும் இல்லை. யோவான், பேதுரு, பவுல், யோசேப்பு, அந்திரேயா, ஸ்தேவான் என்றே இருக்கிறது. அதாவது எங்கள் பக்கத்துப் பெயர்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. இராயப்பன், அருளப்பன், சின்னப்பன், சூசை என்று பெயர் வைத்த குடும்பங்கள் தென் தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஊர்களில் எத்தனை! தாத்தா பெயருக்கான காரணம் திடீரென்று வேதப் புத்தகத்தில் இல்லாமல் போகிறது. சின்னப்பன் என்ற பெயருக்குள் பவுல் இருக்கிறார் என்று இனிமேல் பிள்ளைகளுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். இந்த இழப்பை அவர்கள் பெரிய சத்தம் போடாமல் ஏற்றுக்கொண்டார்கள். இதை எங்கள் பக்கத்தில் யாராவது பாராட்டிப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் பக்கம் பெரும்பாலானவர்களுக்கு இது நடந்ததே தெரியாது.

புரொட்டஸ்டண்டுகள் விட வேண்டியிருந்தது சொற்களை. தேவன் போய்க் கடவுள் வந்தார். கர்த்தர் ஆண்டவர் ஆனார். பிதா தந்தை. பரிசுத்த ஆவி தூய ஆவி. கிருபை அருள். சுவிசேஷம் நற்செய்தி. ஞானஸ்நானம் திருமுழுக்கு. அப்போஸ்தலர் திருத்தூதர். புத்தகங்களின் தலைப்புகளும் மாறின. ஆதியாகமம் தொடக்க நூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், உபாகமம் இணைச் சட்டம், சங்கீதம் திருப்பாடல்கள்.

காகிதத்தில் பார்த்தால் இது நியாயமான பேரம். அவர்கள் பெயரைக் கொடுத்தார்கள், நாம் சொல்லைக் கொடுத்தோம். 7 இணைத் திருமுறை நூல்கள் விஷயத்தில் மட்டும் ஒத்துப்போக முடியாது. அவர்களுக்கு 73 நூல்கள், நமக்கு 66. அதற்கும் வழி உண்டு: மொழிபெயர்ப்பு ஒன்று, கட்டடம் இரண்டு. ஒரு பொறியாளனாக எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

ஆனால் பயன்பாட்டில் விலை சமமாக விழவில்லை. கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் வேதத்தைப் பீடத்திலிருந்து காதால் கேட்பவர்கள். பூசையில் வாசிக்கும் புத்தகத்தை மாற்றினால் ஒரு சில வருடத்தில் மொத்த மக்களின் காதும் மாறிவிடும். மாற்றச் சொல்ல ஆயர்கள் இருக்கிறார்கள், சொன்னால் நடக்கும். எங்கள் பக்கம் புத்தகம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. கல்யாணத்துக்குக் கொடுத்த பைபிள், சிவப்புப் பென்சிலில் கோடு போட்ட பைபிள், பிள்ளைகள் பிறந்த தேதி எழுதிய பைபிள். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம். புது வருட ராத்திரி வாக்குத்தத்த அட்டை. வசனம் எங்களுக்கு எண்ணோடும் சொல்லோடும் மண்டைக்குள் இருக்கிறது. அம்மா விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போகும்போது மரத்துக்கு மரம் வசனம் சொல்லிக்கொண்டே போவாள். புலி, ஆனை பயத்துக்கு அதுதான் துணை. அந்த ஆளிடம் போய் 'மேய்ப்பர்' இனிமேல் 'ஆயர்' என்றால், நீங்கள் கேட்பது ஒரு சொல்லை இல்லை, நாற்பது வருட விடியற்காலையை.

அந்த 'ஆயர்' என்ற சொல்லிலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கத்தோலிக்கர்களுக்கு ஆயர் என்றால் பிஷப், பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். சி.எஸ்.ஐ.யில் பிஷப்பே பேராயர், ஆயர் என்பது சபைப் போதகர். ஆக, ஒரே சொல்லைச் சொல்லி ஒருவர் ஒரு படி மேலேயும் இன்னொருவர் ஒரு படி கீழேயும் பார்க்கிறார்கள். எங்கள் ஆட்கள் காதில் ஆயர் என்றால் ஞாயிற்றுக்கிழமை அங்கி போட்டு நிற்பவர், மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போகிறவர். காட்டில் ஆட்டின் பின்னால் நடக்கிற மனிதர் அந்தச் சொல்லில் தெரியவில்லை. இலக்கியத் தமிழில் 'ஆயர்' அழகான சொல்தான், முல்லை நிலத்துச் சொல். ஆனால் சபைத் தமிழ் அதைப் பதவியாக்கிவிட்டது.

அவன், அவள், அவர்

இதுவரை படித்தால் நான் பழைய புத்தகத்துக்கு வக்காலத்து வாங்குவது போல இருக்கும். இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு இந்த ஒப்பீட்டில் கிடைத்த பெரிய விஷயம். இது எனக்கே தலைகுனிவாக இருந்தது.

பழைய மொழிபெயர்ப்பில் இயேசுவுக்கு 'அவர்'. மற்ற மனிதர்கள் பெரும்பாலும் 'அவன்', 'அவள்'. ஆபிரகாமும் அவன்தான், பேதுருவும் அவன்தான். பெண்கள் எல்லாரும் 'அவள்' அல்லது 'ஸ்திரீ'. 19ஆம் நூற்றாண்டு உரைநடையில் அது இயல்பு, வேண்டுமென்றே இழிவுபடுத்தியதாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரியாதைக்கு ஒரு வினைமுடிவு, மரியாதை இல்லாததற்கு வேறொன்று என்ற நம் தமிழ் வேறுபாடு எபிரேயத்திலோ கிரேக்கத்திலோ கிடையாது. யார் அவன், யார் அவர் என்று ஒவ்வொரு வரியிலும் முடிவு செய்தது தமிழ் மொழிபெயர்ப்பாளர்தான்.

1995 புத்தகம் அந்த முடிவைத் திருத்தி எழுதியது. கிணற்றடிக்கு வரும் சமாரியப் பெண் அங்கே 'வந்தார்'. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போடும் ஏழை விதவை 'போட்டார்', பழையதில் 'போட்டாள்'. கானா ஊர்க் கல்யாணத்தில் இயேசு தன் தாயைப் பழைய பிரதியில் 'ஸ்திரீயே' என்று கூப்பிடுகிறார், புதியதில் 'அம்மா'. குஷ்டரோகி தொழுநோயாளர் ஆகிறார். குருடன் பார்வையற்றவர் ஆகிறார்.

இது ஏதோ நாகரிகப் பூச்சு என்று தள்ளிவிடலாம். எங்கள் மாவட்டத்துக்காரனால் தள்ள முடியாது. தென் திருவிதாங்கூரில் மார்பை மூடிச் சேலை உடுத்துவதற்காகப் பெண்கள் அடிபட்டார்கள். 1859ல் மகாராஜா அறிவிப்புப் போட்ட பிறகுதான் நாடார் பெண்களுக்கு அந்த உரிமை சட்டத்தில் வந்தது. அந்தப் போராட்டத்தில் எல்.எம்.எஸ். மிஷனுக்கு இருந்த பங்கை எங்கள் சபைகள் ஆண்டு விழா தோறும் பெருமையாகச் சொல்லும். நியாயமான பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்குச் சொந்தக்காரர்களான நாம், ஏழைப் பெண்ணை 'அவள்' என்று சொல்லும் புத்தகத்தை இன்றைக்கும் கையில் வைத்திருக்கிறோம். 'அவர்' என்று சொல்லும் புத்தகம் நம் ஆட்களும் சேர்ந்து செய்தது. அதை 'ஆர்.சி. பைபிள்' என்று பெயர் வைத்து ஒதுக்கிவிட்டோம்.

எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்கு இந்த ஒரு எழுத்தின் கனம் இன்னும் கூடுதலாகத் தெரியும். கீரிப்பாறை ரப்பர் தோட்டம் முன்பு வனத்துறை கையில் இருந்தது, 1984ல் அரசு ரப்பர் கழகம் வந்தது. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களும் உள்ளூர்க் குடும்பங்களும் அக்கம்பக்கத்து லைன் வீடுகளில் இருந்தோம். அம்மாவையும் அத்தையையும் வேலையிடத்தில் 'அவர்' என்று யாரும் சொல்லி நான் சின்ன வயதில் கேட்டதில்லை. கோயிலிலாவது கேட்டிருக்கலாம்.

பழையது எவ்வளவு பழையது?

'நம்ம பழைய பைபிள்' என்று நாம் கட்டிக்கொண்டு அழுகிற மொழிபெயர்ப்பின் கதையைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை தெரியும். இதில் எனக்கு வழிகாட்டி, யாழ்ப்பாணப் பேராயர் சபாபதி குலேந்திரன் 1967ல் எழுதிய 'கிறிஸ்தவ தமிழ் வேதாகமத்தின் வரலாறு'. பைபிள் தமிழில் ஆர்வம் உள்ளவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய நூல்.

சீகன்பால்கு 1706ல் தரங்கம்பாடியில் இறங்கினார். அவருடைய புதிய ஏற்பாடு 1715க்குள் அச்சேறியது. கடவுளுக்கு அவர் எடுத்துக்கொண்ட 'சர்வேசுரன்' கத்தோலிக்கரிடம் ஏற்கனவே புழங்கிய சொல். பிறகு வந்த பாப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். அப்புறம் திருநெல்வேலியில் இரேனியுஸ் ஒரு திருத்தம் செய்தார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் ஒரு மொழிபெயர்ப்பு செய்தார். அதில் உதவியவர் ஆறுமுக நாவலர். 1850ல் அது வெளிவந்தது. ஆக, ஒரு கட்டத்தில் தமிழ்ப் புரொட்டஸ்டண்டுகளுக்குள்ளேயே மிஷனுக்கு ஒரு பைபிள், ஊருக்கு ஒரு பைபிள் என்று நிலைமை. இதைத் தீர்க்க ஹென்றி பவர் தலைமையில் பல மிஷன்களைச் சேர்ந்தவர்கள் கமிட்டியாக உட்கார்ந்து, பாப்ரிசியுஸை அடிப்படையாக வைத்துத் திருத்தி 1871ல் முழுமையாக்கியதுதான் இன்று நம் கையில் இருப்பது. அதன் பெயரே ஐக்கிய மொழிபெயர்ப்பு!

ஆம். நாம் எந்தப் புத்தகத்தைக் காட்டிப் பொது மொழிபெயர்ப்பை மறுக்கிறோமோ, அதுவும் ஒரு பொது மொழிபெயர்ப்புதான். அதையும் எல்லாரும் உடனே ஏற்கவில்லை. லுத்தரன்கள் வெகுகாலம் பாப்ரிசியுஸையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு நாம் சொல்லும் அதே காரணம்தான்: பழகிய சொல்.

இங்கே நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த 1871 புத்தகம் காலப்போக்கில் ஒரு பெரிய ஒற்றுமையை உண்டாக்கிவிட்டது. ஞானஸ்நானம் குழந்தைக்கா பெரியவருக்கா, தெளிப்பா முழுக்கா என்பதில் சி.எஸ்.ஐ.யும் பெந்தெகொஸ்தேயும் ஒத்துப்போகவே மாட்டார்கள். இரட்சணிய சேனையில் ஞானஸ்நானமே கிடையாது. ஆனால் மூன்று பேரும் சண்டை போடுவது ஒரே புத்தகத்தின் ஒரே வசனத்தை வைத்துத்தான். ஒரு பெந்தெகொஸ்தே பாஸ்டர் வசனத்தின் முதல் பாதியைச் சொன்னால் சி.எஸ்.ஐ. பாட்டி மறுபாதியைச் சொல்லி முடிப்பார். சி.எஸ்.ஐ. மட்டும் 1995க்கு மாறினால் கத்தோலிக்கர்களோடு நெருங்கலாம், ஆனால் இந்த ஒற்றுமை அறுந்து போகும். ஒன்றைக் கட்ட இன்னொன்றை இடிக்க வேண்டும் என்ற இந்தச் சிக்கலுக்கு, ஒற்றுமை பற்றிய மேடைப் பேச்சுகளில் நான் பதில் கேட்டதில்லை.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு சமமான கதை உண்டு. கணினித் தமிழ் தொடங்கிய காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். ஒருவர் தட்டச்சு செய்தது இன்னொருவர் கணினியில் பூச்சி பூச்சியாகத் தெரியும். இதைத் தீர்க்கத் திஸ்கி வந்தது. 1999ல் தமிழக அரசு டாம், டாப் என்று தரம் அறிவித்தது. எல்லாம் அறிஞர்கள் கூடி யோசித்துச் செய்தவை. கடைசியில் ஜெயித்தது யூனிகோடு. அதில் தமிழுக்குக் குறைகள் உண்டு என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். ஆனால் விண்டோஸோடும் பிறகு போனோடும் அது தானாகக் கைக்கு வந்தது. பழைய கோப்புகளை மாற்றித் தரும் கருவிகளும் கூடவே வந்தன. தரம் நன்றாக இருப்பது பாதி வேலை. ஏற்கனவே எழுதி வைத்ததை இழக்காமல் மாற வழி இருக்கிறதா என்பது மீதிப் பாதி. பொது மொழிபெயர்ப்பில் முதல் பாதியை நன்றாகவே செய்தார்கள். இரண்டாவது பாதியை, புரொட்டஸ்டண்டு வீடுகளைப் பொறுத்தவரை, யாரும் செய்யவில்லை. போதகர் 'உபாகமம்' என்று அறிவிக்கும்போது 'இணைச் சட்டம்' புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர் திருதிருவென்று விழிக்க வேண்டியிருக்கிறது. மனப்பாட வசனக்காரர்களுக்கு என்ன வழி என்று யாரும் கேட்கவில்லை.

1947ல் என்ன செய்தார்கள்

இப்படி ஒரு சிக்கலை நம் ஆட்களே ஏற்கனவே ஒரு முறை தீர்த்திருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு இது கூடுதலாக உறுத்துகிறது.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் பல சபைகளைச் சேர்ந்த சிலர் கூடினார்கள். பெரும்பாலும் இந்தியர்கள். முன்னால் நின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்ணக்கல் பேராயர் ஆன வே.ச. அசரியா. மேல்நாட்டில் உண்டான பிரிவினைகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேள்வி. பேச்சுவார்த்தை 28 வருடம் இழுத்தது. அசரியா 1945 ஜனவரி 1ல் இறந்துபோனார், பலனைப் பார்க்கவில்லை. 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. எங்கள் தென் திருவிதாங்கூர் எல்.எம்.எஸ். சபைகள் காங்கிரிகேஷனல் வழி, அதுவரைக்கும் பிஷப்பே கிடையாது.

பிஷப் வேண்டும் என்பவர்களையும் வேண்டாம் என்பவர்களையும் எப்படிச் சேர்த்தார்கள்? ஒரு உறுதிமொழி கொடுத்தார்கள். பழக்கமில்லாத வழிபாட்டு முறையையோ, மனசாட்சி ஒப்பாத ஊழியரையோ எந்தச் சபையின் மேலும் திணிக்க மாட்டோம் என்பது அதன் சாரம். ஏற்கனவே குருப்பட்டம் பெற்றவர்களுக்கு மறுபடி பட்டம் இல்லை, இருக்கிறபடியே ஏற்றுக்கொண்டார்கள். முழுவதும் ஒன்றாக 30 வருடம் அவகாசம் வைத்தார்கள். மென்பொருள் ஆட்களுக்கு இது உடனே புரியும்: பழைய நிரல் ஓடிக்கொண்டே இருக்கும், புதியது பக்கத்தில் வளரும், ஒரு தலைமுறை தாண்டித்தான் பழையதைப் பற்றிப் பேச்சு. குறைகள் இல்லாமல் இல்லை. லுத்தரன்கள் வெளியே நின்றார்கள். சேர்ந்த பிறகு சாதி, தேர்தல், நிர்வாகச் சண்டைகள் எல்லாம் வந்தன. ஆனால் இணைப்பு உடையவில்லை. யாருடைய வாயிலிருந்தும் அவர்களுடைய ஜெபத்தைப் பிடுங்கவில்லை என்பதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே என் மதிப்பீடு இது. பொது மொழிபெயர்ப்பு நல்ல புத்தகம். வாசித்துப் புரிந்துகொள்ளவும், மனிதர்களுக்கு மரியாதை கொடுப்பதிலும் அது பழையதைவிட மேலானது. மனதில் தங்கும் ஓசையில் பழையதைத் தொடவில்லை. 'பழையதற்குப் பதில் இது' என்ற இடத்தில் அதை வைத்துப் பார்த்தோம், அதனால் புரொட்டஸ்டண்டுகள் மத்தியில் அது தோற்றது. 'பழையதோடு கூட இது' என்று 1947 பாணியில் வைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். இறையியல் கல்லூரிகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். அது போதாது. கலப்புக் குடும்பத்தின் சாவு வீட்டில், கல்யாணத்தில், இரண்டிலிருந்தும் வாசிக்கலாம். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் பழையதில், விளக்கம் புதியதில் என்று வைக்கலாம். இதற்கு எந்த மகாசபைத் தீர்மானமும் வேண்டாம். என்னைப் போன்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தாலே பாதி நடந்துவிடும்.

அம்மாவின் நினைவு நாளுக்குப் போன தடவை ஊருக்குப் போனபோது அத்தானிடம், "உங்க புத்தகத்தைக் கொண்டு வாருங்க" என்று போனில் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஜெபத்தில் நான் அம்மாவின் பைபிளிலிருந்து 23ஆம் சங்கீதம் வாசித்தேன். அவர் திருவிவிலியத்திலிருந்து ஏழை விதவையின் காணிக்கைப் பகுதியை வாசித்தார்.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். காது கொஞ்சம் மந்தம். முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவள். பாதியில் நிறுத்தி, "யாரு போட்டாரு?" என்று கேட்டாள். யாரோ ஒரு ஆண் என்று நினைத்துவிட்டாள்.

"அந்த விதவைதான் அத்தை," என்றார் அத்தான்.

"அவளையா அவருன்னு எழுதியிருக்கு?"

"ஆமா."

அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "இன்னொருக்கா வாசியும்" என்றாள். அத்தான் முதலிலிருந்து வாசித்தார்.